வந்து போகும் கோளாறு

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் தொழிலாளி ஒருவரை நாம் மனக்கண்முன் கொண்டுவருவோம். அவருக்கு வீடு மேருவில். விடியற்காலையில் காரை எடுக்கிறார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. துறைமுகத்தை நெருங்கும்போது ரொட்டி சானாய்க் கடை ஒன்றில் வண்டியை நிறுத்துகிறார். பசியாறிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரே ஓர் ஓசை; அதன்பின் அமைதி. மீண்டும் திருப்புகிறார், மீண்டும் 'டக்'. அரை மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலேயே, வண்டி ஒழுங்காகக் கிளம்பிவிடுகிறது. ஆனால் அதற்குள் வேலை தொடங்கிவிட்டது. அன்றைய கூலியில் ஒரு பகுதி போயிற்று.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். நம் நாட்டில் 'போமன்' என்று நாம் அழைக்கும் மெக்கானிக் பத்து முறை சாவியைத் திருப்பிப் பார்க்கிறார். பத்து முறையும் வண்டி கிளம்புகிறது.

"அண்ணே, காடி நல்லாத்தானே இருக்கு?"

"நேத்துக் கிளம்பலையே, தம்பி."

"அப்ப பேட்டரியாத்தான் இருக்கும். மாத்திப் பார்ப்போம்."

பேட்டரி மாறுகிறது. இரண்டு வாரம் தொல்லை இல்லை. பிறகு அதே கடை, அதே 'டக்'. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார் மாறுகிறது. சில நாள் அமைதி. மறுபடியும் அதே கதை. மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. கோளாறு மட்டும் கரையவில்லை.

அடியோடு கிளம்பாத வண்டியைப் பழுது பார்ப்பது எளிது. குறை கண்முன்னே நிற்கும். சில வேளை கிளம்பி, சில வேளை கிளம்பாத வண்டியோ கைதேர்ந்தவரையும் திணற வைக்கும். தேடும்போது கோளாறு இருப்பதில்லை. இருக்கும்போது தேடுபவர் அருகில் இருப்பதில்லை. இப்படி வந்து வந்து போகும் கோளாற்றை எவ்வாறு பிடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை தரும் வரலாறு ஒன்று இதே துறைமுகத்தில் நடந்திருக்கிறது. ஆனால் அது வண்டியைப் பற்றியதன்று, காய்ச்சலைப் பற்றியது.

இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் இந்த ஊர் 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரைத் தாங்கியிருந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றை நோக்கி வந்த இரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. ஆற்றின் வழியாகப் பெரிய கப்பல்கள் ஏறிவர இயலாமையால், ஆற்றின் முகத்துவாரத்திலேயே ஒரு துறைமுகம் அமைக்க முடிவு செய்தனர். பாதை 1899இல் கடற்கரை வரை நீண்டது. 1901 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. இடமோ கண்டல் காடும் சேறும் நிறைந்த சதுப்பு நிலம். திறந்த சில வாரங்களுக்குள்ளாகவே கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களும், இரயில்வே ஊழியர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும் மலேரியாவில் விழுந்தனர். இந்தத் துறைமுகத்தை மூடிவிடுவதே நல்லது என்ற பேச்சுக்கூட எழுந்தது.

மலேரியாவை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். பொருத்தமான பெயர். ஒரு நாள் குளிர் நடுக்கி எடுக்கும், அடுத்துக் கடுங்காய்ச்சல், பிறகு வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். 'குணமாகிவிட்டது' என்று வீட்டார் மகிழும் வேளையில் காய்ச்சல் மீண்டும் வரும். ஒரு வகை நாற்பத்தெட்டு மணிக்கு ஒருமுறை வரும். இன்னொரு வகை எழுபத்திரண்டு மணிக்கு ஒருமுறை. இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் வளரும் நுண்ணுயிர், ஒரே நேரத்தில் அவ்வணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருவதே அந்த முறைக்குக் காரணம். காய்ச்சல் மனம் போன போக்கில் வரவில்லை. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனையை அறியாதவர்களுக்கே அது மாயமாகத் தோன்றியது.

அந்த நுண்ணுயிரை அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880இல் கண்டார். அது கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1901 தொடக்கத்தில், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அவர் கண்டபடி மருந்து கொடுத்துப் பார்க்கவில்லை. நோயாளிகள் எந்தத் தெருவிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். சதுப்புக்கு அருகில் இருந்த வீடுகளில்தான் நோய் மிகுதி என்பது புலனாயிற்று. நகரைச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது, சதுப்பு வடிக்கப்பட்டது. துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி கரை கட்டி, உள்ளே வடிகால்கள் வெட்டினர். சில ஆண்டுகளுக்குள் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் மலேரியா பெருமளவு வீழ்ந்தது. அதே ஆண்டுகளில், வடிகால் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்தோர் தொகை அவ்வாறு குறையவில்லை. ஆகவே நோய் தானாகக் குறையவில்லை, வடிகாலால்தான் குறைந்தது என்பது ஐயமற உறுதிப்பட்டது. உலகின் பல நாடுகள் பின்னர் இந்த வேலையைப் பின்பற்றின.

வாட்சன் செய்தது மூன்று காரியம். நோய் எப்போது, எங்கே வருகிறது என்று குறித்தார். வரும் இடத்தையும் வராத இடத்தையும் ஒப்பிட்டார். காரணத்தை நீக்கிய பின்னும் எண்ணிப் பார்த்து உறுதி செய்தார். குறித்தல், ஒப்பிடுதல், உறுதி செய்தல் ஆகிய இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு நாம் வண்டிக்குத் திரும்புவோம்.

கிள்ளான் இரயில் பாதை திறந்த அதே 1886ஆம் ஆண்டில்தான், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வண்டிக்குச் சாவியும் இல்லை, பேட்டரியால் சுழலும் மோட்டாரும் இல்லை. பின்புறம் படுக்கை வாட்டில் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் எஞ்சின் ஓடும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார் என்றும், மின்கம்பி தேய்ந்து உராய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றி மறைத்தார் என்றும் சொல்வார்கள். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே எரிபொருள் ஒன்று, மின்சாரம் ஒன்று என இரு கோளாறுகளும் வந்துவிட்டன. எஞ்சினை உயிர்ப்பிப்பவையும் இன்றளவும் இவ்விரண்டோடு சுழற்சியும் சேர்ந்த மூன்றே.

அடுத்து வந்தது வளைந்த இரும்புக் கைப்பிடி. வண்டியின் முன்புறத் துளையில் அதைச் செருகிச் சுழற்ற வேண்டும். தீப்பொறி உரிய காலத்திற்கு முன்பே பாய்ந்துவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கைப்பிடி மின்னல் வேகத்தில் திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும் என்பது அக்கால ஓட்டுநரின் முதற்பாடம். அமெரிக்காவில் பைரன் கார்ட்டர் என்ற வண்டித் தயாரிப்பாளர், வழியில் நின்றுபோன ஒருவரின் வண்டியைக் கிளப்ப முயன்று, கைப்பிடி தாக்கிய காயத்தின் விளைவாக 1908இல் இறந்தார் என்றும், அவருடைய நண்பரும் கடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லேலண்டு அதனால் மனம் வருந்தி, கைப்பிடியே வேண்டாத வண்டி வேண்டும் என்று உறுதி கொண்டார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

அதைச் செய்து காட்டியவர் சார்ல்ஸ் கெட்டரிங். அவர் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்தை மின்சாரத்தால் திறக்கச் செய்தவர். அங்கே சிறிய மோட்டார் ஒன்று, ஒரே ஒரு கணம் மட்டும், தன் அளவுக்கு மீறிய வலிமையைத் தந்தால் போதும். வண்டியைக் கிளப்புவதற்கும் அதுவே போதும் என்று அவர் உணர்ந்தார். நாள் முழுதும் ஓடும் மோட்டாருக்குப் பெரிய உடல் வேண்டும். சில விநாடி ஓடும் மோட்டாருக்குச் சிறிய உடலே போதும். 1911இல் அவர் உருவாக்கிய அமைப்பு கடிலாக்கின் 1912ஆம் ஆண்டு வண்டிகளில் இடம்பெற்றது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் வேலையையும் அதே அமைப்பு செய்தது.

அந்நாளில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. உலகில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் பலர் இதே போர்ட் சுவெட்டன்ஹாமில் கால் வைத்தனர். அவர்கள் சீவிய பால், தகடாகி, மூட்டையாகி, இதே துறைமுகம் வழியே வெளியேறியது. மோட்டார் வண்டிகள் பெட்டிகளில் ஏறி இதே துறைமுகம் வழியே உள்ளே வந்தன. தோட்டங்களிலும் நகரங்களிலும் லாரியும் டாக்சியும் ஓட்டிப் பழகிய முந்தைய தலைமுறையினருக்குக் கைப்பிடியும் தெரியும், சாவியும் தெரியும். பிரிட்டனில் செய்த பல கார்களில், ஸ்டார்ட்டர் மோட்டார் வந்த பிறகும், நெடுங்காலம் ஒரு கைப்பிடி உடன் வந்தது.

அந்தக் கைப்பிடிக்கு ஒரு நன்மை உண்டு. அதைச் சுழற்றும் கை எஞ்சினின் நிலையை நேரே உணர்ந்தது. இறுக்கமா, தளர்ச்சியா, தீப்பொறி இல்லையா என்பது தோளுக்கே தெரிந்தது. சாவி வந்தபின் அந்த உணர்வு போயிற்று. விரலுக்கும் எஞ்சினுக்கும் இடையே நீண்ட சங்கிலி ஒன்று புகுந்தது: பேட்டரி, அதன் முனைகள், தடித்த ஒயர்கள், சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டு, மோட்டார், அதன் பற்சக்கரம். தானியங்கிக் கியர் வந்தபோது, கியர் கோல் உரிய இடத்தில் இல்லாவிட்டால் கிளம்பவிடாத சுவிட்ச் ஒன்று சேர்ந்தது. 1990களில், திருட்டைத் தடுக்க, சாவிக்குள் இருக்கும் சில்லை அடையாளம் கண்டால் மட்டுமே எஞ்சினை ஓடவிடும் அமைப்பும் சேர்ந்தது. ஒவ்வொரு வசதியும் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கூட்டியது. வந்து போகும் கோளாறு ஒளிந்துகொள்ளும் இடங்கள் இந்தக் கண்ணிகளே.

ஆகவே முதல் வேலை, சங்கிலியை இரண்டாகப் பிரிப்பது. சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழல்கிறதா, சுழலவில்லையா? நன்றாகச் சுழன்றும் ஓடவில்லை என்றால் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். எரிபொருளையும் தீப்பொறியையும் பார்க்க வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைக்கும். இரவு மழைக்குப்பின் காலையில் கிளம்பாவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் படிந்திருக்கும். புதிய வண்டிகளில், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் உணர்கருவி சூடேறியதும் ஊமையாகி, ஆறியதும் பேசத் தொடங்கும்.

எஞ்சின் சுழலவே இல்லை என்றால், ஓசையைக் கேட்க வேண்டும். 'டக்டக்டக்' என்று அடுக்கடுக்காக ஒலித்தால், பேட்டரியின் ஆற்றல் குறைந்திருக்கிறது அல்லது அதன் முனையில் பிடிப்பு இல்லை. ஒரே ஒரு 'டக்' என்றால், கட்டளை சொலினாய்டு வரை வந்துவிட்டது. ஆனால் பெருமின்னோட்டம் மோட்டாரில் பாயவில்லை அல்லது மோட்டார் சுழலவில்லை. ஓசையே இல்லை என்றால், கட்டளையே வரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, கியர் சுவிட்ச் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். மோட்டார் 'விர்' என்று சுழன்றும் எஞ்சின் அசையாவிட்டால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றவில்லை. இந்தக் கடைசி வகை ஏன் வந்து வந்து போகிறது தெரியுமா? நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் இரண்டே நிலைகளில் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் எப்போதும் அந்த இரு இடங்களிலேயே பல்லைக் கடித்துக் கடித்து, அங்கே மட்டும் பற்கள் தேய்ந்திருக்கும். வேறிடத்தில் நின்ற நாளில் வண்டி கிளம்பும்.

அடுத்தது விளக்குச் சோதனை. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மிகவும் மங்கினால் பேட்டரியில் ஆற்றல் இல்லை, அல்லது மோட்டார் இறுகிக்கொண்டு அளவுக்கு மீறி இழுக்கிறது. அடியோடு அணைந்தால் பேட்டரி முனை தளர்ந்திருக்கிறது. விளக்குச் சற்றும் மங்காமல் எரிந்தால் பெருமின்னோட்டம் பாயவே இல்லை. வழியில் எங்கோ தடை இருக்கிறது. காசில்லாத சோதனை இது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கோளாறு நேரும் அந்தக் கணத்தில் செய்ய வேண்டும். வண்டி நன்றாக இருக்கும்போது செய்தால் நல்ல விடையே வரும்.

'விளக்கு நன்றாக எரிகிறதே, மின்சாரம் இருக்கிறதே, பிறகு ஏன் மோட்டார் சுழலவில்லை?' என்று பலர் கேட்பதுண்டு. விடை, ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியில் இருக்கிறது. மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கினால் அங்கே இழக்கும் மின்னழுத்தம் கிடைக்கும். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பூ, அல்லது துருவேறிய போல்ட், வெறும் 0.02 ஓம் தடையைத் தருவதாக வைத்துக்கொள்வோம். இரு முன்விளக்குகளும் இழுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியர். அங்கே இழப்பது 0.18 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் இழுப்பதோ 150 ஆம்பியர் என்று கொண்டால், இழப்பது 3 வோல்ட். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று அந்த ஓர் இடத்திலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. விளக்கு எரியும் வழியில் மோட்டார் ஓட முடியாமல் போவதன் காரணம் இதுவே. குறுகிய வாய்க்கால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும், வயலுக்குப் போதாது.

இதை அளக்க, மலிவான வோல்ட் மீட்டர் ஒன்று போதும். வண்டி சில மணி நேரம் நின்றபின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் பாதியளவே நிரம்பியிருக்கிறது. எஞ்சின் சுழலும்போது 9.6க்குக் கீழே விழலாகாது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் ஆற்றல் ஏற்றுகிறது என்று பொருள். மிக முக்கியமான அளவு ஒன்று உண்டு. அதைப் பலர் எடுப்பதே இல்லை. மீட்டரின் ஒரு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும், மறு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயரின் வழியில் தடை இருக்கிறது. இச்சோதனைகளின்போது கியர் நடுநிலையிலோ நிறுத்த நிலையிலோ இருக்க வேண்டும். கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து எரியும் வாயு கசியலாம் ஆதலால் அருகில் சிகரெட்டும் நெருப்பும் கூடாது.

நம் நாட்டின் தட்பவெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. பேட்டரியைக் கொல்வது குளிர் என்று பலர் எண்ணுகிறார்கள். குளிர் அதன் வலுவைத் தற்காலிகமாகக் குறைக்கும். வெப்பமே அதன் ஆயுளைத் தின்னும். வெப்பம் ஏற ஏற, உள்ளே ஈயத் தகடுகளின் அரிப்பு விரைகிறது, நீர் வற்றுகிறது. துறைமுகத்தைச் சுற்றியோ உப்புக் காற்று, மாலையில் மழை, கொள்கலன் லாரிகள் கிளப்பும் புழுதி. இணைப்பு ஒவ்வொன்றும் துருவேற இங்கே வழி உண்டு.

இப்போது நம் துறைமுகத் தொழிலாளியிடம் திரும்புவோம். மூன்றாவது பாகத்தையும் வாங்குவதற்கு முன், அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்குகிறார். வண்டி கிளம்பாத ஒவ்வொரு முறையும் நேரம், அதற்குமுன் எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, வெயிலா மழையா, என்ன ஓசை, விளக்கு மங்கியதா என்று எழுதுகிறார். கிளம்பிய முறைகளையும் எழுதுகிறார். அது மிகவும் தேவை. வாட்சன் நோய் வராத வீடுகளையும் எண்ணியது போல. இரண்டு வாரத்தில் நோட்டு பேசத் தொடங்குகிறது. விடியற்காலையில் ஒருமுறைகூடத் தவறவில்லை. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நெடுந்தூரம் ஓடி, எஞ்சின் சூடேறி, பத்துப் பதினைந்து நிமிடம் நின்ற பிறகே கோளாறு வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே 'டக்'. விளக்கு மங்குவதில்லை.

இந்த நோட்டோடு பட்டறைக்குப் போகிறார். இம்முறை போமன் வண்டியைக் குளிர்ந்த நிலையில் சோதிக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டி, சூடேற்றி, பத்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்க்கிறார். 'டக்'. கோளாறு வீட்டில் இருக்கும்போதே கதவைத் தட்டியாயிற்று. மீட்டரை எஞ்சினிலும் பேட்டரி எதிர்முனையிலும் வைத்துத் திருப்பச் சொல்கிறார். 0.2 காட்ட வேண்டிய இடத்தில் பல வோல்ட் காட்டுகிறது. எர்த் ஒயர் எஞ்சினில் முடுக்கப்பட்டிருக்கும் இடத்தில், போல்ட்டின் அடியில் துரு. எஞ்சின் சூடேறும்போது இரும்பு விரிந்து, அந்த அரைகுறைத் தொடர்பும் விட்டுப்போகிறது, ஆறும்போது ஒட்டிக்கொள்கிறது. துருவைச் சுரண்டி, புது ஒயர் போட்டு, இறுக முடுக்குகிறார். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவில் காரியம் முடிகிறது.

அப்படியானால் பேட்டரி மாற்றியபோதும் ஸ்டார்ட்டர் மாற்றியபோதும் சில நாள் சரியாக இருந்தது ஏன்? இது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டும்போது, அதைச் சுற்றியுள்ள ஒயர்கள் அசைகின்றன, போல்ட்டுகள் புரள்கின்றன, துரு சற்று உதிர்கிறது, தொடர்பு சில நாள் பிடிக்கிறது. குணமாக்கியது புதிய பாகமன்று, அதை மாற்றிய கையின் அசைவே. கொய்னா தின்றதும் காய்ச்சல் விடும். சதுப்பு அப்படியே இருந்தால் கொசு மறுபடியும் கடிக்கும். ஆகவே ஒரு மாற்றம் செய்தபின் கோளாறு நின்றுவிட்டது என்பது மட்டும் போதிய சான்றாகாது. கோளாறு வரக்கூடிய அதே நிலையை மீண்டும் உண்டாக்கி, அப்போதும் வரவில்லை என்று காண வேண்டும். நம் நண்பர் அதற்குப்பின் ஒரு மாதம் நோட்டில் எழுதினார். அதே கடை, அதே பத்து நிமிடம். வண்டி ஒருமுறையும் தவறவில்லை. அன்றுதான் நோட்டை மூடினார்.

மோட்டார் வண்டிகள் மாறிக்கொண்டே வருகின்றன. சாவிக்குப் பதில் பொத்தான் வந்துவிட்டது. பெட்ரோலே குடிக்காத மின்சார வண்டிகளும் சாலையில் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுள்ளும் ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது ஓய்ந்தால் அந்தப் புதுமை வண்டியும் எழாமற் போகலாம். கண்ணிகள் மாறும், சங்கிலி இருக்கும். சங்கிலி இருக்கும்வரை வந்து போகும் கோளாறும் இருக்கும்.

அதைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. வந்து போகும் கோளாறு காரணமின்றி வருவதில்லை. வரும் நேரத்தாலேயே தன் காரணத்தைச் சொல்கிறது. சூட்டில் வருகிறதா, ஈரத்தில் வருகிறதா, குறிப்பிட்ட நிலையில் நின்றால் வருகிறதா என்று குறித்துவைப்பவரிடம் அது நெடுநாள் ஒளிந்திருக்க இயலாது. ஒரு காலத்தில் முறைக்காய்ச்சலால் மூடப்படவிருந்த இந்தத் துறைமுகம், பொறுமையாக எண்ணிப் பார்த்த சிலரால் பிழைத்தது. இன்று உலகின் பெரும் கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்குகிறது. அந்தத் துறைமுகத்திற்கு விடியற்காலையில் வேலைக்குப் போகும் நம் வண்டிக்கும் அதே பொறுமை போதும். பணப்பையைத் திறப்பதற்கு முன் நோட்டைத் திறப்போம்.